நாளைக்கென்று எடுத்து வைத்த அரிசி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சேலத்தில் நண்பர் வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தபோது, பிரசங்கத்தின் நடுவே நாலே வரியில் காதில் விழுந்தது. ஏற்காட்டு மலையில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று. மழையில் பாதை அடைபட்டு அரிசி தீர்ந்துபோனது. சமையல் செய்கிற பெண்மணி முழங்காலில் நின்று ஜெபித்தார். கதவு தட்டும் சத்தம். திறந்தால் அரிசி.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் உதட்டை அசைத்தேன். (விசுவாசம் உண்டா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.) ஆனால் விருந்தில் உட்கார்ந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. தட்டியது யார்? பாதைதான் அடைபட்டுவிட்டதே, அவர் எந்த வழியாக வந்தார்?

அடுத்த வாரம் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “சேர்வராயன் மலையின்மேல் மேகங்கள் கருணையோடு இறங்கி...”

(அடித்துவிட்டேன். அந்த மழை ஒரு கருணையும் காட்டவில்லை.)

இரண்டாவது: “சவுரியம்மாள் ஒரு புனிதவதி. அவர் முகத்தில்...”

(அவரைப் பார்ப்பதற்கு முன் எழுதியது. பார்த்தபோது அவர் ஒரு குரங்கைத் திட்டிக்கொண்டிருந்தார்.)

மூன்றாவது, தப்பியது:

சவுரியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. செம்மநத்தம் போகிற பாதையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த விடுதியில் பதினாறு வருஷமாகச் சமைக்கிறார். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது அவர் செய்யும் ஜெபத்தில் ‘நாளை’ என்ற சொல்லே வராது. இன்றைக்குச் சாப்பாடு கொடு என்பார், அவ்வளவுதான். ராத்திரி மிஞ்சியதைத் தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவார்.

“நாளைக்கும் சேர்த்து இன்னைக்கே கேட்டா, நாளைக்கு நீ இருப்பியோ இல்லையோன்னு அவரையே சந்தேகப்படற மாதிரிங்க,” என்றார் என்னிடம்.

நல்ல பேச்சு. நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டேன். ஒரு ஆள் இத்தனை தெளிவாக இருந்தால் கதை நகராது.

3

நடந்தது இது.

புதன்கிழமை ஏற்காட்டு பஜாருக்கும் விடுதிக்கும் நடுவே மண் சரிந்தது. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் சேலத்தில் மாட்டிக்கொண்டார். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைகளை வீட்டார் முன்பே கூட்டிப்போய்விட்டார்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் ஒன்பது பேர் மிச்சம். வெள்ளிக்கிழமை ஜீப்பில் வரவேண்டிய சாமான் வரவில்லை. பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போய்ப் பார்க்க சவுரியம்மாளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிநேரம் மழை விட்டது. மண்ணை ஒதுக்கி ஒரு வண்டி போகுமளவு வழி செய்தார்கள். அதில் முதலில் நுழைந்தது ஜாபர் அலியின் வண்டி. பஜாரில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவர் அவர். மறுநாள் செம்மநத்தத்தில் ஒரு கல்யாணம். அவரையும் அழைத்திருந்ததால் மனைவி ஷஹீதாவையும் நாலு வயது மகள் யாஸ்மினையும் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். வண்டி உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் பின்னால் மண் மறுபடி சரிந்தது. முன்னால் ஒரு சில்வர் ஓக் மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஒரே கட்டடம் விடுதிதான்.

நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.*

* வண்டியில் அரிசி இருந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நானும் நினைத்து, ஜாபர் அலியிடமே கேட்டேன். “சேருங்க,” என்றார். “நூத்தம்பது பிளாஸ்டிக் சேரு.”

ஆக, பிரசங்கத்துக் கதையின் முடிவில் கதவு தட்டியது மட்டும் நிஜம். வந்தவர்கள் கொடுக்க வரவில்லை, பசியோடு வந்திருந்தார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கு சவுரியம்மாள்மேல் சந்தேகம் வந்தது.

முதல் இரண்டு முறை அவர் சொன்னது ஒன்றுதான். “தட்டுனாங்க, தொறந்தேன், கஞ்சி ஊத்துனேன். வேற என்னங்க?” இதை அப்படியே எழுதிப் பார்த்தேன். படித்தால் காலண்டரில் அச்சடித்த படம்போல் இருந்தது.

மூன்றாவது முறை நான் போனபோது அவர் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கைப்பிடி எடுத்து நார் உரித்தேன். பாதிக் கூடை முடிந்ததும் அவராகவே பேசினார்.

“அன்னைக்கு மட்டும் நாளைக்குன்னு எடுத்து வச்சேனுங்க.”

நான் இன்னொரு காயை எடுத்தேன்.

“ரெண்டு படிதான் இருந்துச்சு. ஒரு படிய அன்னைக்குக் கஞ்சிக்குப் போட்டேன். இன்னொரு படிய... பதினாறு வருஷத்துல அப்படி வச்சதே கெடையாதுங்க. அப்பத்தான் கதவத் தட்டுனாங்க.”

“ஜெபம் பண்ணினீங்களா?”

“எங்கீங்க. அந்த ஒரு படியத் தூக்கி அலமாரிக்குள்ள வச்சுச் சாத்துனேன். சசிகலா பாத்துட்டா.”

சசிகலா அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, பன்னிரண்டு வயது. “அக்கா, யாரோ தட்டறாங்க,” என்றாளாம். சவுரியம்மாள் வாயில் விரலை வைத்துக் காட்டினார். பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்தார்கள். அவர் கதவுக்குப் பின்னால் போய் நின்றார். தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை. வெளியே ஒரு சின்னக் குழந்தை சிணுங்கும் சத்தம் மழையோடு சேர்ந்து கேட்டது. போய்விட்டால் தேவலை என்று நின்றார்.

“எத்தன நேரம்?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நேரமுங்க,” என்று கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

5

பிறகு கதவைத் திறந்தார். யாஸ்மினைத் தூக்கி அடுப்போரம் உட்காரவைத்து, “வா சாமி, சூடா இருக்குது, குளுரு போயிரும்,” என்றார். கொதித்துக்கொண்டிருந்த கஞ்சி பதிமூன்று பேருக்குப் பற்றாது என்று தெரிந்ததும் அலமாரியைத் திறந்து அந்த ஒரு படியையும் உலையில் கொட்டினார். ஷஹீதா கையைப் பிடித்தார். “வேண்டாங்க்கா, புள்ளைங்களுக்கு வையுங்க.” “உன்னுதும் புள்ளதானே கண்ணு,” என்றார் சவுரியம்மாள். அன்று இரவு அவர் பாத்திரத்தைக் கவிழ்த்தபோது அதில் ஒரு பருக்கைகூட இல்லை.

ஞாயிறு காலை அடுப்பில் வெறும் தண்ணீர்தான் கொதித்தது. இன்றைக்குக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை என்றார். நேற்று அரிசியை ஒளித்து வைத்தவராயிற்றே. பிள்ளைகள் கடுங்காப்பி குடித்தார்கள். ஜாபர் அலி, சரிவில் ஏறி எப்படியாவது பஜாருக்குப் போகிறேன் என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தபோது, மரத்தைத் தாண்டி நாலு பேர் வந்தார்கள்.

முன்னால் வந்தவர் அங்கப்பன், கல்யாணப் பெண்ணின் அப்பா. வண்டியைத் தேடி வந்திருந்தார்.

“சேரு இனி எதுக்குங்க பாய்,” என்றார். “மாப்பிள்ள ஊட்டுக்காரங்க மலையேற முடியல. கல்யாணத்தத் தள்ளி வச்சாச்சு. நீங்க உசுரோட இருக்கீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்.” பிறகு வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் காலியான பாத்திரத்தையும் பார்த்தார். “பந்திக்கு நறுக்குன காயி அத்தனையும் அப்படியே கெடக்குது. அரிசி மூட்ட மூட்டயா இருக்குது. ஏனுங்க அக்கா, ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?”

பத்து மணிக்கெல்லாம் தலைச்சுமையாக வந்துவிட்டது. பாதை சரியாகும்வரை ஐந்து நாள் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

(இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால், இத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டதே என்று வெட்கப்பட்டு அடித்திருப்பேன். நடந்துவிட்டதால் அடிக்க முடியவில்லை.)

6

ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. ஒன்பது பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்க வேண்டுமா? நான் இதைக் கேட்பதற்கு முன்பே சவுரியம்மாள் கேட்டுவிட்டிருந்தார். மூன்று வாரம் கழித்துக் கல்யாணம் நடந்தபோது, மணப்பெண் கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களாலயா கண்ணு உனக்கு நின்னுச்சு?” என்றாராம்.

“மழையால நின்னுச்சுங்க்கா,” என்றாள் கவிதா. “எங்கப்பா மறுபடியும் அத்தன காயி நறுக்கணுமேன்னு நொம்பப் பொலம்புனாரு. மத்தபடி ஒண்ணுமில்ல.”

சவுரியம்மாளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்கு இன்னும் இல்லை.

7

முடிவு என்று மூன்று எழுதினேன். கடவுள் அனுப்பினார் என்று ஒன்று. மழை அனுப்பியது என்று ஒன்று. மூன்றாவது பாதியில் நின்றது: “அவர் அந்த அரிசியை ஒளிக்காமல் இருந்திருந்தாலும்...”

மூன்றையும் சவுரியம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “கதவுக்குப் பின்னால நின்னத எழுதியிருக்கீங்களா?” என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன். அடிக்கச் சொல்வார் என்று பார்த்தேன். “அத எடுத்துராதீங்க,” என்றார். “பிரசங்கத்துல அது இல்ல. எனக்கு அதுதான் முக்கியமுங்க. நான் அப்படி நின்னதுக்கு அப்புறமும் அவரு குடுத்தாரு.”

அதனால் எனக்கு எழுத மீதமிருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். தட்டிய உடனே திறந்துவிட்டார்கள் என்கிறார் ஜாபர் அலி. நொம்ப நேரம் நின்றோம், குழந்தையின் தலையை முந்தானையால் இரண்டு தடவை துவட்டினேன் என்கிறார் ஷஹீதா. சவுரியம்மாள் அதைப் பற்றி மேலே எதுவும் சொல்வதில்லை. நாலாவது பகுதிக்கும் ஐந்தாவது பகுதிக்கும் நடுவே உள்ள வெற்றிடம் அதுதான். அங்கே அவர் என்ன நினைத்தார், எது அவர் கையைத் தாழ்ப்பாளுக்குக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியாது. கடைசிப் படி அரிசியை எப்போதாவது கையில் வைத்துக்கொண்டு நின்றவராக நீங்கள் இருந்தால், என்னைவிடச் சரியாக அதை எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அப்படி நின்றிராதவர்கள், என்னோடு சேர்ந்து, வெளியே மழையில் நின்று தட்டிக்கொண்டிருக்கலாம்.