பச்சையில் நின்ற ஊசி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான மேல்பிரிவு லயத்துக்கு உருப்படியாகக் கரண்ட் வந்த அன்றைக்குத்தான் றோலண்டின் கிட்டார் கெட்டுப்போனது. லயமே கொண்டாடியது. மங்கல் பல்புக்குக் கீழே புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் படித்த பிள்ளைகள், நல்ல வெளிச்சம் வந்ததும் படிப்பை விட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். றோலண்ட் மட்டும் வீட்டுக்குள்ளே கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கரண்டைக் கொண்டுவந்ததே அவர் மனைவி மரியநாயகிதான். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா. லயத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஹட்டன் கரண்ட் ஒபிசுக்கு நடையாய் நடந்து, சிங்களத்தில் பேசி, தமிழில் அழுது, ஒருவழியாகப் புது டிரான்ஸ்போமரைத் தூணில் ஏற்ற வைத்தார். புருசன்காரர் அதற்கு நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சத்தம் போயிருச்சு நாயகி" என்றார் அவர். "சனிக்கிழம அந்தத் தம்பி வர்றாரு. இந்த நேரம் பாத்துப் போயிருச்சு."

அந்தத் தம்பி என்றது மிலானை. கொழும்பில் ரெக்கோர்டிங் செய்கிறவர். றோலண்ட் ஒரு சாயங்காலம் வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து புளூஸ் வாசித்ததைப் பக்கத்து வீட்டு சுலக்ஷனா ஃபோனில் பிடித்துப் போட்டுவிட, அது எங்கெங்கோ சுற்றி மிலானின் காதுக்குப் போயிருந்தது. "அங்கிள், இப்படி ஒரு டோன் நான் எங்கயும் கேட்டதில்ல. உங்க வீட்டுக்கே வந்து, உங்க பொட்டியிலயே எடுக்கணும்" என்று அவர் ஃபோனில் சொன்ன பிறகு, றோலண்ட் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர். கல்யாண வீடு, கோயில் திருநாள், ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டல்கள் என்று ஆயுசு முழுக்க வாசித்தாயிற்று. அவருடைய சத்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பதிவு கிடையாது. குளிரில் விரல் மடங்க மறுக்கிற காலமும் வந்துவிட்டது. சாவதற்குள் ஒரு தடவை அந்தச் சத்தத்தை ஒழுங்காகப் பிடித்து வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பிடித்து வைக்கத் தகுந்த சத்தம்தான். கம்பியைத் தொட்டதும் பாயாது. ஒரு கணம் பின்வாங்கி மூச்சை இழுக்கும். பிறகு மெல்லப் பெருகி, ஓரத்தில் லேசாகக் கரகரத்து நிற்கும். அழுது முடித்த ஒருத்தி பேச வாயெடுக்கும்போது வருமே, அந்தக் குரல். எப்படி வருகிறது என்று கேட்டால் றோலண்ட் விரலை நீட்டிக் காட்டுவார். "சத்தம் பொட்டியிலயா இருக்கு? இங்க இருக்கு."

சும்மா சொல்லக்கூடாது, அந்த விரல்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மற்றவர்கள் மெல்லிய கம்பி போட்டுச் சுகமாக வாசிக்க, அவர் தடித்த கம்பியாகப் போட்டு, சுருதியை அரை இறக்கி வைத்திருந்தார். பிக் பிடிக்கமாட்டார். கட்டைவிரலின் பக்கத்துச் சதையால்தான் மீட்டுவார். கம்பியை மேலே தள்ளும்போது விரலால் மட்டும் தள்ளாமல், கதவுப்பிடியைத் திருப்புகிறவர் போல மணிக்கட்டையே திருப்புவார். பெட்டி என்றது அவருடைய அம்ப்ளிஃபயரை. உள்ளே கண்ணாடி வால்வுகள் எரிகிற பழைய காலத்துச் சாமான், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அதனால் ஹோட்டல்களில் அங்கே கிடப்பதிலேயே வாசித்துவிட்டு, "இது நம்ம சாமான் மாதிரி வராது" என்று முனகிக்கொண்டு வீடு வந்து சேருவார்.

அந்தப் பெட்டி லயத்தை விட்டு இறங்கியது ஒரே ஒரு தடவை. இருபது வருடத்துக்கு முன்னால், கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டபோது. ஜூலியனும் கூடப் போனான். றோலண்டோடு இரண்டாவது கிட்டார் வாசித்தவன், கூடப் பிறக்காத குறை, அவர் மகள் ஷெரோமிக்கு ஞானத்தகப்பன். ரயிலில் வழி நெடுகப் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து, மேடையில் ஏற்றி வைத்தவனும் அவன்தான். றோலண்ட் முதல் கம்பியைத் தொட்டார். தகரத்தில் ஆணி கீறியது போல ஒரு சத்தம் பாய்ந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். றோலண்ட் திரும்பி, மைக் உயிரோடு இருக்கும்போதே கேட்டார். "நீதானே பொட்டியத் திருகுன? என்னையக் கெடுக்கத்தானே கூட வந்த?"

"அந்தோனியார் மேல சத்தியமா நான் எதையும் திருகலண்ணே" என்றான் ஜூலியன்.

சபைக்கு முன்னால் கேட்டது கேட்டதுதான். ஜூலியன் தனியாக ரயிலேறி ஊருக்கு வந்தான். அதற்குப் பிறகு கிட்டாரைத் தொடவில்லை. ஹட்டனில் ஒரு ஃபோன் கடை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஷெரோமியின் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பன் இல்லை, ஏனென்றால் கூப்பிடவில்லை. பெட்டியை லயத்துக்குக் கொண்டுவந்து மாட்டியதும் பழைய சத்தமே வந்தது. பார்த்தாயா, அங்கே எவனோ திருகித்தானே கெடுத்தான் என்று றோலண்டுக்கு அது பெரிய சாட்சியாகப் போயிற்று.

இப்போது அதே ஆணிச் சத்தம் சொந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கம்பியைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தார். வயரை மாற்றினார். வால்வுகளை உருவித் துடைத்துத் திரும்பச் செருகினார். முன்பெல்லாம் அணையப் போகிற கரி மாதிரி மினுங்கியவை இப்போது பளிச்சென்று எரிந்தன. அது ஏன் என்று அவர் யோசிப்பதற்குள் மரியநாயகி குசினியிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வந்து பாருங்களேன். ஊசி பச்சையில நிக்குது."

ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் இருந்தது. வருகிற கரண்ட் எவ்வளவு என்று காட்ட அதில் ஒரு ஊசி.

"வாங்குன நாள்ல இருந்து செகப்புலயே படுத்துக் கெடந்துச்சு" என்றார் மரியநாயகி. முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப பாருங்க, கொழும்புல ஷெரோமி வீட்டுல நிக்கிற மாதிரியே நிக்குது."

றோலண்ட் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார். கொழும்பு. அங்கே எப்போதும் இப்படித்தான் நிற்கும். அந்த மண்டபத்திலும் இப்படித்தான் நின்றிருக்கும். கடைசி லயத்துக்கு வந்து சேரும்போது கரண்ட் இளைத்துப் போகும். இளைத்த கரண்டில்தான் அந்த வால்வுகள் மூச்சு வாங்கியிருக்கின்றன. விரலில் இருக்கிறது, விரலில் இருக்கிறது என்று காட்டிக்கொண்டு திரிந்த சத்தத்தில் பாதி, இந்தச் சனங்களுக்கு வருடக்கணக்காக ஒழுங்காய்க் கொடுக்காத கரண்டில் இருந்திருக்கிறது. இதற்கு மேலும் ஒன்று இருந்தது. ஜூலியன் எதையும் திருகவில்லை. அதை மட்டும் நினைக்க வேண்டாம் என்று பார்த்தார். நினைப்பு கேட்டுக்கொண்டா வரும்?

வெள்ளிக்கிழமை, கரண்ட் மறுபடி இளைக்குமா என்று பார்க்க வீடு வீடாகப் போய், அயனைப் போடுங்கள், ஹீட்டரைப் போடுங்கள் என்று கேட்டார். கரண்ட் வந்த சந்தோசத்தில் மனிதர் துள்ளுகிறார் என்று நினைத்து எல்லாரும் சிரித்துக்கொண்டே போட்டார்கள். ஊசி அசையவில்லை.

சனிக்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தார். மிலானிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது. படித்த பிள்ளை, ஏதாவது வழி தெரிந்திருக்கும். மனம் கொஞ்சம் லேசானது. மத்தியானம் இஸ்தோப்பில் நின்று பாதையைப் பார்த்தார். வான் வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு மிலான் படியேறி வந்துகொண்டிருந்தார். வழி காட்டிக்கொண்டு முன்னால் வந்தது ஜூலியன். றோலண்ட் உள்ளே போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டெபிலைசர் மேல் போட்டார்.

ஜூலியனுக்குத் தலை நரைத்திருந்தது. வாசலைத் தாண்டாமல் நின்றான். "நல்லா இருக்கீங்களாண்ணே? இந்தத் தம்பி நம்ம கடையில வந்துதான் வழி கேட்டாரு. நானும் வீடியோவ பாத்தேன். நேர்ல ஒருக்கா கேக்கணும்போல இருந்துச்சு."

மரியநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்க தம்பி, உள்ள வாங்க. இத்தன வருசம் கழிச்சாவது வரத் தோணுச்சே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

மிலான் மைக்கைப் பெட்டிக்கு முன்னால் வைத்தார். றோலண்ட் கட்டைவிரலால் மீட்டினார். மணிக்கட்டைத் திருப்பினார். விரல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. சத்தம் மூச்சு வாங்காமல் நேரே பாய்ந்து சுவரில் அடித்தது. ஜூலியன் தலையை நிமிர்த்தினான். அந்தச் சத்தத்தை அவன் எப்படி மறப்பான்?

மிலான் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "அங்கிள், வீடியோவில வேற மாதிரி இருந்திச்சே. வால்வுப் பொட்டிங்கிறதால கேக்குறேன், கரண்ட் ஏதாவது மாறிச்சா? கூடக் கொறைய வந்தா இதுகளோட சத்தமே மாறிப்போகும். அதுதான்னா பிரச்சினையே இல்ல. கரண்டக் கொறைச்சுக் குடுக்கிற சாமான் வான்ல இருக்கு."

ஒரு வார்த்தை போதும். ஆமா என்றால் சத்தம் திரும்பி வந்துவிடும். றோலண்டுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஜூலியன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட ஒருவேளை சொல்லியிருப்பார். கோபம் இல்லை. இருபது வருடமாகக் காத்திருந்தவனின் முகம் அது.

"கரண்டா? அது எப்பவும் வாறதுதான்" என்றார் றோலண்ட்.

"அப்ப வேற என்ன அங்கிள்?"

மரியநாயகி தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தார். பேச்சு என்னவென்று அவருக்குத் தெரியாது.

"நாயகி" என்றார் றோலண்ட். "நீ பொட்டியத் தொடச்சியா?"

"காலையில தூசி தட்டுனேன். வர்றவங்க பாப்பாங்களேன்னு."

"அதான்" என்றார் மிலானைப் பார்த்து. "எதையோ திருகி வச்சிட்டா."

"ஐயோ, நானா கெடுத்துட்டேன்?" என்று மரியநாயகி கேட்டார். கண் நிறைந்துவிட்டது. ஜூலியன் எழுந்து அவர் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்தான்.

"அழாதீங்க அண்ணி" என்றான். "என்னையும் இப்புடித்தான் சொன்னாரு."

றோலண்டின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். மிலான் இன்னும் கொஞ்ச நேரம் மரியாதைக்கு எதையோ எடுத்தார். "கோல் எடுக்கிறேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வயர்களைச் சுருட்டினார். அந்த ஃபோன் கோல் வராது என்று றோலண்டுக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்தது. மரியநாயகி லைட்டைப் போட்டார். வீடு முழுக்க வெளிச்சம். ஸ்டெபிலைசர் மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தார். ஊசி பச்சையில் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. புருசனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்தோனியார் மேல சத்தியமா நான் எதையும் திருகலங்க" என்றார். "தூசிதான் தட்டுனேன்."

வீட்டில் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தார்கள். இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"சரி" என்றார் றோலண்ட். "இனிமே தொடாத."