ரொம்பவும் ஒத்துப்போன கோடுகள்

அலுவலகத்தில் அவரை 'மோப்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. வேலை அப்படி. ஒவ்வொரு வாயுவும் ஒளியில் தனக்கென்று சில இடங்களை மட்டும் விழுங்கும். நிறமாலையில் அவை கறுப்புக் கோடுகளாகத் தெரியும். எந்தக் கோடு எவ்வளவு விழுங்குகிறது என்று ஆய்வகங்கள் அளந்து அனுப்பும். கலப்படம் உண்டா என்று முகர்ந்து பார்த்துத் தரவுத்தளத்தில் சேர்ப்பவர் இவர். செயற்கைக்கோள் மேலிருந்து எட்டிப் பார்த்து, காற்றில் மீத்தேன் இவ்வளவு என்று சொல்வதெல்லாம் இந்த எண்களை நம்பித்தான். மோப்பமோ வீட்டில் இருக்கும் எடை பார்க்கும் இயந்திரத்தைக்கூட நம்பாதவர். அதில் மட்டும் கொஞ்சம் சுயநலம்.

இந்தமுறை மீத்தேன் கோடுகளை அளந்து அனுப்பியவன் அவர் மச்சினன்.

"சொந்தக்காரன் மேடம், வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்றார் மேலதிகாரியிடம்.

"மச்சினனை உங்களைவிட யாரு சார் அதிகமா சந்தேகப்படப் போறா? நீங்களே பாருங்க."

பார்த்தார். ஒவ்வொரு கோடும் தரவுத்தளப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த எண்ணிலிருந்து கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருந்தது, அது இயல்பு. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால் வித்தியாசமே இல்லை. புதிதாக அளப்பவன் கை ஒரு பக்கமாவது கொஞ்சம் சாயாதா? பழைய எண்களை எடுத்து, மேலே உப்புத் தூவுகிற மாதிரி பிழையைத் தூவினால்தான் இப்படி வரும்.

அந்த வாரம் மச்சினன் வீட்டுக்கு வந்து, கேட்காமலே குழாயைச் சரிசெய்து கொடுத்தான். மோப்பத்துக்கு மூக்கு அரித்தது.

அவன் போனதும் மனைவி ஆரம்பித்தாள். "இது உங்க பட்டியல்ல ஏறினாத்தான் அவன் வேலை நிரந்தரமாகுமாம்."

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா இங்கதான் வந்து இருப்பான். உங்க ரூம்ல."

ஏமாற்று என்று எழுதினால் அவன் பிழைப்பில் மண். எழுதாவிட்டால் தன் பிழைப்புக்கு அர்த்தமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வகத்துக்கே போய் நின்றார்.

மச்சினன் வாயு நிரப்பிய நீளமான எஃகுக் குழாயின் பக்கத்தில் குனிந்திருந்தான். "அத்தான்! போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணினா நீ எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சிருப்பே. எங்க அளந்தே, காட்டு."

கோபப்படாமல் எல்லாவற்றையும் திறந்து காட்டினான். கச்சா நிறமாலைகள், சொதப்பியவை உட்பட, அப்படியே இருந்தன. திருடன் சொதப்பலைச் சேர்த்து வைக்கமாட்டான். அப்படியானால்?

"குழாய்க்குள்ள வாயு எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அழுத்தமானி காட்டினதை வெச்சுத்தான். ஆனா அது கொஞ்சம் அடம்பிடிச்சுது, ஒரே பக்கமா தள்ளிக் காட்டிச்சு. அதனால உங்க பட்டியலோட சராசரி ஒத்துப்போற அளவுக்கு அழுத்தத்தைத் திருத்திக்கிட்டேன்."

மோப்பம் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அட கூறுகெட்டவனே! என் பட்டியலை வெச்சு அளந்துட்டு, என் பட்டியல் சரின்னு எனக்கே சொல்றியா?"

மச்சினன் முகம் மெல்ல வெளிறியது. "ஐயோ… நான் வேணும்னு பண்ணல, அத்தான்."

"தெரியுது. வேணும்னு பண்றவன் இவ்வளவு அசடா இருக்கமாட்டான்." கை தானாக அவன் தோளுக்குப் போனது. "வேற மானி கடன் வாங்கு. நானும் இருக்கேன்."

பக்கத்து ஆய்வகத்து மானியைப் பூட்டி மறுபடி அளந்தார்கள். அதுவும் பழைய மானி சொன்னதையே சொன்னது. கோடுகள் எல்லாமே பட்டியலைவிட மூன்று சதவீதம் பலவீனமாக வந்தன. அடம்பிடித்தது மானியல்ல.

மோப்பம் மனதுக்குள் கணக்குப் போட்டார். கோடு பலவீனமென்றால், அதே அளவு ஒளியை விழுங்க இன்னும் அதிக மீத்தேன் வேண்டும்; செயற்கைக்கோள்கள் இத்தனை காலமும் அதைக் குறைத்தே சொல்லியிருக்கின்றன. அவர் பட்டியலை நம்பி.

அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: முதலில் அனுப்பியது நிராகரிக்கப்படுகிறது; புதிய அளவு நம் எண்களையே சந்தேகிக்க வைப்பதால், இன்னொரு ஆய்வகம் சரிபார்க்கும்வரை பட்டியலின் அடுத்த வெளியீட்டைத் தள்ளிவைக்க வேண்டும்; அளந்தவர் அதுவரையாவது வேலையில் தொடர வேண்டும்.

வீட்டில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அவன் தேறினானா?"

"தெரியல. என் பட்டியல் தேறாது போலிருக்கு."

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க. அவன் உங்களுக்கு என்ன வாங்கிக் குடுத்தான்?"