இல்லை என்ற பதில்

"அப்படி யாரும் இங்க அட்மிட் ஆகலையே மேடம்" என்று ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் சொன்னதும் அவள் மேஜையை விட்டு விலகி நின்றாள். நாளைக்கு அப்பாவுக்கு இதய ஆபரேஷன், இங்கேதான் சேர்த்திருக்கிறார்கள் என்று அத்தை காலையில்தான் போனில் அழுதாள். ஒருவேளை வேறு ஆஸ்பத்திரியோ? இல்லை, அதற்குள்ளேயே... அந்த நினைப்பை முடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர்க் குழாய் வரை போய்க் குடிக்காமலே திரும்பினாள். வழியில் கால் நீட்டியிருந்தவர் மடக்கி மடக்கியே அலுத்துப்போனார். அண்ணன் போனை எடுக்கவில்லை. அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால், அவர் பெற்ற மகள் பிடித்ததற்கு இரண்டே கால்.

கையிலிருந்த போன் அடித்தது. அண்ணன் இல்லை, அலுவலகத் தோழி.

"லீவுல தொந்தரவு பண்றேன்டி. நம்ம வெப்சைட்ல ஒருத்தர் இன்னொருத்தர் ஃபைலைத் திறக்கப் பாத்தா சர்வர் என்ன பதில் அனுப்பணும்? 401ஆ, 403ஆ?"

நடந்துகொண்டே சொன்னாள். வேலைப் பேச்சு வாய்க்குத் தானாக வந்தது. "401ன்னா நீ யாருன்னே தெரியல, பாஸ்வேர்டு போட்டுட்டு வான்னு அர்த்தம். 403ன்னா நீ யாருன்னு நல்லாவே தெரியும், ஆனா உள்ள விடமாட்டேன். ரெண்டும் வேணாம், 404 அனுப்பு. அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னுடு. இருக்குன்னு தெரிஞ்சாத்தானே திரும்பத் திரும்பத் தட்டுவாங்க?"

"அடிப்பாவி, அது பொய்யில்லையா? ஃபைலுக்குச் சொந்தக்காரருக்கும் இல்லைன்னு போயிடுமே."

"அதான் முதல்ல வந்தது யாருன்னு பாக்கணும். பாத்துட்டு, அப்புறம்..."

அவள் அப்படியே நின்றாள். "அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தாள்.

அப்பா பெயரைச் சொன்னபோது வரவேற்புப் பெண் கணினியைத் தொடவே இல்லை. "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றுதான் கேட்டாள். மகள் என்று தெரிந்த பிறகே இல்லை என்றாள். இல்லாத மனிதருக்கு உறவு எதற்கு? அப்பா இருக்கிறார். மகளை விடாதே என்று உத்தரவு போடும் தெம்போடு இருக்கிறார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இதயப் பிரிவு மேல்மாடி என்று பலகை சொன்னது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றிப் படியேறினாள். அங்கே ஓர் அறை வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் திருடனைப் போல விழித்தான்.

"அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு பாப்பா. இந்த நேரத்துல எதுக்கு வம்புன்னு..."

"நான் உள்ள வரலண்ணா. வராதன்னு சொல்லு, கேட்டுக்கறேன். ஆனா ஆளே இல்லைன்னு சொல்லாதீங்க. பயந்தே செத்துட்டேன்."

கதவில் சிறிய கண்ணாடி இருந்தது. அப்பா இளைத்திருந்தார். யாரோ நிற்பதை உணர்ந்து திரும்பினார், பார்த்தார். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாய் இழுபடாமல், மெதுவாக, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அறைக்குள் நர்ஸ் வந்து கண்ணாடிக்குத் திரையை இழுக்கப் போனாள். திரைச் சத்தம் கேட்டு, சுவரைப் பார்த்தபடியே அப்பா கையைத் தூக்கினார்; அது, வேண்டாம் என்று ஆடியது. நர்ஸ் திரையை விட்டுவிட்டு நகர்ந்தாள். அவர் திரும்பவில்லை. அவளும் நகரவில்லை.