இரண்டு பக்கமும் வீசிய உப்பு

வெளிச்சம் வருவதற்குள் சுரண்டியாக வேண்டும். வெயில் ஏறினால் உப்பு பொடிந்து மண்ணோடு கலந்துவிடும்; பனி ஈரத்தில்தான் தோல் மாதிரிப் பிரிந்து வரும். அவள் மண்வெட்டியைப் படுக்கவைத்து இழுத்தாள். பல் கூசியது. விரல் வெடிப்புகளில் உப்பு இறங்கி எரிந்தது. கூடை நிறைந்ததும் வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினாள்.

அது கணவனின் அண்ணன் குத்தகைக்கு உழும் வயல். அங்கே சுரண்டிக்கொண்டிருந்த ஓரகத்தி தன் கூடையைத் தூக்கிவந்து இந்தப் பக்கம் கொட்டினாள்.

"இங்க கொட்டுறதுக்கு இது என்ன உங்கப்பன் வீட்டுக் கொல்லையா?"

"நீ கொட்டுனதைத்தான் திருப்பித் தர்றேன். வட்டி வேணும்னா சொல்லு, இன்னொரு கூடை இருக்கு."

ஒரே உப்பு வரப்பைத் தாண்டிப் போவதும் வருவதுமாக ஒரு பருவம் கழிந்துவிட்டது.

அவள் கணவன் வயல் நடுவே குந்தியிருந்தான். நாற்றின் நுனி கருகியபோது தாகம் என்றே நினைத்தான். மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினான். போர்த் தண்ணீரில் எப்போதுமே கொஞ்சம் கரிப்பு உண்டு. அது வடியாமல் நின்று, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுப்போனது. பயிர் முழுக்க வைக்கோல் நிறமானது. அன்றிலிருந்து அவன் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாய்க்குப் போகாது. யாராவது கேட்டால் விதை சொத்தை என்று அவள் சொல்லிவைத்தாள்.

மேட்டுச் சாலையில் ஜீப் வந்து நின்றது. வயல்களுக்குச் சொந்தக்காரரான முதலாளி இறங்கவில்லை.

"மண்ணு செத்துப்போச்சு. அடுத்த மாசம் எல்லாரும் காலி பண்ணுங்க. இங்கயும் இறால் குளம் வெட்டப்போறேன்."

"குடியிருக்கிற வீடு, முதலாளி?" என்றார் அண்ணன்.

"அதுவும் என் மண்ணு மேலதானே நிக்குது? நல்லாருந்த நிலத்தைக் கொன்னுட்டு, வீடு வேற கேக்குறீங்க."

கணவன் எழுந்தான்.

"ஆமா. நான்தான் கொன்னேன். வாடுதேன்னு தண்ணி விட்டேன். இன்னும் வாடுச்சு. இன்னும் விட்டேன்..."

மூக்கு ஒழுக, துடைக்கத் தோன்றாமல் நின்றான்.

"பாத்தீங்களா? அவனே ஒத்துக்கிட்டான்" என்று சிரித்தார் முதலாளி.

அண்ணன் வரப்பில் ஏறினார். "நீயுமாடா? நானும் அதையேதான் செஞ்சேன். வெளிய சொல்ல வெக்கம். உன் பொண்டாட்டி கொட்டுற உப்பால போச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"நானும்தான்" என்றது கீழ வயலிலிருந்து ஒரு குரல். அதற்கும் அப்பாலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு வீடும் தன் பயிரைத் தானே கொன்றதாக எண்ணி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாருக்குமா ஒண்ணா விவசாயம் மறந்துபோச்சு, முதலாளி? வருசா வருசம் இதே தண்ணிதான் விட்டோம். அப்பல்லாம் வடிகால்ல ஓடிப்போச்சு. உங்க இறால் லாரி போகணும்னு அதைத் தூர்த்து ரோடு போட்டது யாரு?"

"அது வெறும் சாக்கடை."

"அந்தச் சாக்கடை இருந்தவரைக்கும் எங்களுக்குச் சோறு இருந்துச்சு."

"என் உப்பைத் தின்னுட்டு என்னையே கேள்வி கேக்குறியா?"

"நீங்க போட்ட உப்பைத்தான் தெனமும் அள்ளிக்கிட்டிருக்கோம்" என்றாள் ஓரகத்தி.

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

கை பழகிய வேலையைச் செய்தது. அவள் சுரண்டினாள், கூடையை நிரப்பினாள், வரப்புக்கு வந்தாள். எதிரே ஓரகத்தி, அவள் இடுப்பிலும் நிறைந்த கூடை. இருவருக்கும் கை எழவில்லை.

"எங்கதான்டி கொட்டுறது இதை?"

"வா அக்கா."

அவள் சாலையில் ஏறி, வடிகால் புதைந்துகிடந்த இடத்தில், நட்டநடுவே கவிழ்த்தாள். ஓரகத்தி தன் கூடையை அதன் மேல் கொட்டினாள். அண்ணனும் கீழ வயல்காரர்களும் கூடையோடு வந்தார்கள். குவியல் இடுப்புயரம் ஆனது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்து. பின்னால் வயல்கள் காய்ந்து கிடந்தன. போன பயிர் போனதுதான், இந்த வருசம் எந்த வீட்டிலும் குதிர் நிறையப்போவதில்லை.

இறால் லாரி வந்து ஹாரன் அடித்தது. யாரும் விலகவில்லை. டிரைவர் தலையை நீட்டினார்.

"எப்பம்மா எடுப்பீங்க?"

"வடிகாலைத் திறந்ததும்."

அவர் குவியலைப் பார்த்தார், அவர்களுடைய கைகளைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

அந்த அமைதியில் கணவன் மெல்ல மேடேறி வந்தான்.

"அண்ணே, அந்தக் காலிக் கூடையை இப்படிக் குடு."