பச்சை ஒழுங்கை

திலீபன் தன் வீடு இருந்த குறுகிய ஒழுங்கையில் குடியிருந்த எல்லாருக்கும் ஒரே பின்னேரத்தில் பதவி உயர்வு கொடுத்தான். அரசாங்கத்தால்கூட முடியாத வேலை அது.

கிளிநொச்சி நகரத்தில் எந்தத் தெருவில் என்ன தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று வரைபடம் கீறவேண்டும். கம்பஸில் படிப்புக்குக் கொடுத்த வேலை. உத்தியோகத்தர் பச்சை, கடைக்காரரும் வயல் செய்கிற கமக்காரரும் மஞ்சள், கூலிக்குப் போகிறவர்கள் சிவப்பு. பெருந்தெருவை ஒட்டிப் பச்சை செழித்தது. உள்ளே போகப்போக நகரத்துக்கு அம்மை போட்ட மாதிரிச் சிவப்பு. அதற்கு நடுவில் அவனுடைய வீடு.

கூடப் படிக்கிறவர்கள் பார்க்கப்போகிற படமல்லவா! ஒழுங்கையில் இருந்த மேசன்மார் கட்டுமான மேற்பார்வையாளர் ஆனார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற கமலாட்சி சுகாதார உத்தியோகத்தர் ஆனார். பளைப் பக்கம் வெயிலில் குந்தியிருந்து கண்ணிவெடி கிளறிய அவனுடைய அம்மா சிவனேஸ்வரி, தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஒழுங்கை முழுக்கப் பச்சை.

"அதென்னடா தொழில்நுட்பம்?"

"வெடிக்காமல் எடுக்கிறது தொழில்நுட்பம்தானே அம்மா."

சிவனேஸ்வரி படுத்தபடியே சிரித்தார். கிட்னி பழுதாகி வேலையை விட்டிருந்தார். கிணற்றுத் தண்ணீர் இனி வாயில் வைக்கக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

படம் கம்பஸ் கண்காட்சியில் முதற்பரிசு எடுத்தது. நகரத்துக்குக் குழாய் போட வந்த தண்ணீர்த் திட்டக்காரர் அதில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள். வறிய தெருக்களுக்குத்தான் முதலில் குழாய். குழாய் தாட்கக் கிடங்கு வெட்டுகிற மெசின் ஒழுங்கை முகப்பு வரை வந்து, நின்று, பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பியது.

திலீபன் திட்டக் கந்தோருக்கு ஓடினான்.

"உங்கடை ஒழுங்கை பச்சை, தம்பி" என்றார் அங்கிருந்த அதிகாரி. "வசதியான சனம் ஃபில்ரர் வைச்சுக் குடிப்பினம்."

"சேர், அந்தப் படம் பிழை. நான்தான் கீறினனான்."

"பரிசெடுத்த படத்தை நீரே குறை சொல்லாதையும். சரி, வீட்டுக்காரர் எல்லாரும் தாங்கள் கூலிவேலை எண்டு வந்து சொல்லட்டும். பாப்பம்."

திலீபன் முதலில் கமலாட்சியிடம் போனான்.

"ஐயோ ராசா, மாப்பிள்ளை பகுதிக்கு அந்தப் படத்தைத்தானே காட்டினனான்! பிள்ளையின்ரை கலியாணம் ஒப்பேறட்டும், பிறகு என்னை எந்த நிறத்திலையும் கீறு."

"அன்ரி, அம்மாக்குத் தண்ணி வேணும்."

"உன்ரை வீட்டை மட்டும் மாத்தன்."

"ஒரு வீட்டுக்கெண்டு குழாய் இழுக்கமாட்டினம்."

கமலாட்சி உள்ளே போய் ஒரு போத்தலோடு வந்தார். "ஆஸ்பத்திரித் தண்ணி. ஒளிச்சுக் கொண்டந்தனான். கொம்மாட்டைக் குடு, வெளியிலை கதைச்சுப்போடாதை."

மற்ற வீடுகளில் போத்தலும் கிடைக்கவில்லை. உத்தியோகத்தராகிப் பழகியவர்கள் ஒருவரும் இறங்கச் சம்மதிக்கவில்லை. கமலாட்சி முடிந்த நாளெல்லாம் போத்தல் கொண்டுவந்தார். முடியாத நாட்களில் கிணறுதான்.

பக்கத்து ஒழுங்கைக் குழாயில் தண்ணீர் வந்த கிழமை சிவனேஸ்வரி கண்ணை மூடினார்.

ஒழுங்கைச் சனம் காசு சேர்த்துப் பெரிய பனர் அடித்து முகப்பில் கட்டியது. 'தொழில்நுட்ப உத்தியோகத்தர் அமரர் சிவனேஸ்வரிக்குக் கண்ணீர் அஞ்சலி.' செத்தவீட்டுத் தேத்தண்ணிக்குப் பக்கத்து ஒழுங்கைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தார்கள்.

தேத்தண்ணி நல்ல ருசி என்று எல்லாரும் சொன்னார்கள். திலீபன் இன்னொரு குடம் பிடித்துவரப் போனான்.