இடப்பக்கக் கதவு

பீர் முகைதீனின் மஸ்டாங் கார் இத்தனை வருஷம் அலுங்காமல் இருந்ததற்கு அவருடைய கைப்பக்குவமே காரணம் என்று ரங்கூனில் பலர் நம்பினார்கள். உண்மைக் காரணம் பெட்ரோல். ரேஷனில் கிடைக்கிற சொற்பத்தை அந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் பக்கத்து ஊரான இன்சீனுக்கு ஒரு நடை போய் வருவதற்குள் குடித்துத் தீர்த்துவிடும். அதனால் வாரத்தில் ஒரு நாள் ஓடும், ஆறு நாள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும்.

அறுபத்தொன்பதில் ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க எஞ்சினியரிடம் வாங்கியது. பச்சை நிறம், ஸ்டியரிங் இடப்பக்கம். வாங்கின மறுவருஷமே, அதுவரை இடப்பக்கம் ஓடிய ஊர் வண்டிகளையெல்லாம் சர்க்கார் ரோட்டின் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டது; இவர் ஸ்டியரிங்குக்குத் தோதாகப் போயிற்று. "எனக்காகத்தான் மாத்துனாங்க" என்று சைக்கிள் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து, தார்ப்பாயை விலக்கி, இடப்பக்கக் கதவைத் தட்டிக் காட்டுவார். "பாருங்க, கம்பெனி பெயின்ட். ஒரு கீறல் உண்டா?"

பின்னாளில் அவர் அந்தக் கதவைத் தட்டும்போதெல்லாம் அவர் மனைவி மைமூன் உள்ளே போய்விடுவாள்.

எண்பத்தெட்டு ஆகஸ்டில் சர்க்காரை எதிர்த்து ஊர் கொதித்தபோது பீர் முகைதீன் சரக்கு வாங்கப் போன இடத்தில், மோல்மீனில், மாட்டிக்கொண்டார். ரயில் இல்லை, தபால் இல்லை. தெருவில் கல் பறந்தது. காரைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று மைமூன் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரைக் கூட்டித் தள்ளினாள். தள்ளத் தெரிந்த ஐந்து பேரில் ஸ்டியரிங்கைப் பிடிக்கணும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. வண்டி தன் இஷ்டத்துக்குப் போய் இரும்புக் கேட்டில் இடப்பக்கக் கதவை உரசி நசுக்கிக்கொண்டு நின்றது.

இன்சீன் ரயில் பட்டறையில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்ற அகஸ்டின் வந்து, கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, நிறம் ஒத்துவரும்வரை அவளுடைய சோற்றுத் தட்டிலேயே ஐந்து தடவை பச்சை கலக்கி அடித்தார். "ஒங்க வூட்டுக்காரர் கண்டுபிடிச்சா நான் பெயின்டரே இல்லம்மா" என்றார். மனுஷன் சொன்ன சொல் பலித்தது. பீர் முகைதீன் திரும்பிவந்து கண்டுபிடிக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

தொண்ணூற்றேழில் சர்க்காரின் ஹஜ் பட்டியலில் இருவர் பெயரும் வந்தன. மைமூனுக்கு மக்காவில் கஅபாவைப் பார்க்கணும் என்று கொள்ளை ஆசை. செய்தி வந்த அன்று சந்தோஷத்தில் சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். செலவுக்குக் காரை விற்பதென்று முடிவாயிற்று.

கப்பல் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற ஊ தான் மாங் என்ற பர்மியர் வந்தார். பழைய கார்களைச் சேர்க்கிறவர். ரங்கூனில் வண்டி விற்கிற எவனும் முதலில் நசுங்கலுக்குப் பட்டி பூசி, பெயின்ட் அடித்து, சீட்டுக்கு உறை மாட்டித்தான் காட்டுவான். இவருக்கு அது வேப்பங்காய். கை படாத வண்டிதான் வேண்டும். அப்படியானால் இரண்டு பேர் பயணத்துக்கும் போதுகிற விலை தருவதாகச் சொன்னார்.

வண்டியைச் சுற்றிவந்தவர் இடப்பக்கக் கதவருகில் நின்று, மரியாதைக்கு 'ஊ' சேர்த்து, பர்மியில் சொன்னார்: "ஊ பீர், நீங்கள் குறையைச் சொல்லிவிட்டுத்தான் விலை சொல்கிறவர் என்று கடைத்தெருவே சொல்கிறது. எங்கேயும் கை படவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், பணத்தை எடுக்கிறேன்."

உண்மைதான். ஒரு செயினில் துரு இருந்தால்கூட அதைக் காட்டாமல் விற்கமாட்டார். குறையை மறைத்து விற்ற காசு ஹராம், தொடக்கூடாத காசு என்பார்.

பீர் முகைதீன் வலக்கையைக் கதவின் மேல் வைத்தார். "அல்லா மேல..." என்று ஆரம்பித்தார்.

வாசலில் நின்ற மைமூனுக்குக் கணக்குப் புரிந்திருந்தது. சொன்னால் விலை விழும். விழுந்தால் ஒருவர்தான் போகமுடியும். ஆண்துணை இல்லாமல் அவள் தனியாகப் போக வழியில்லை. ஆக, சொல்கிற வாய்க்குத்தான் ஹஜ் இல்லை. சொல்லாவிட்டாலோ, இந்த மனுஷன் பொய்ச்சத்தியக் காசில் அல்லாவின் வீட்டுக்குப் போவார், அதுவும் அவளால்.

"ஏங்க, சத்தியம் பண்ணாதீங்க" என்றாள். "அந்தக் கதவு பெயின்ட் அடிச்சது."

எல்லாவற்றையும் சொன்னாள். கேப்டன் கதவின் கீல் பக்கம் குனிந்து நகத்தால் சுரண்டினார். பட்டி உதிர்ந்தது. அவர் கோபிக்கவில்லை, விலையில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

பீர் முகைதீன்தான் இரண்டு நாள் கடையிலேயே சாப்பிட்டார். மூன்றாம் நாள் வெடித்தார். "ஒம்போது வருஷமா ஊருல உள்ளவனுக்கெல்லாம் அந்தக் கதவையேல்ல தட்டித் தட்டிக் காட்டுனேன்! பேச்சுக்காவது வலப்பக்கத்தக் காட்டுங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?" தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு, "நான் மட்டும் போகமாட்டேன்" என்றார்.

"பேர் வந்தபொறவு போகாம இருப்பாகளா? ஒங்களுக்கு அறுவத்தஞ்சு ஆவுது. போயிட்டு வாங்க" என்றாள் மைமூன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். உண்மையைச் சொன்னதில் வருத்தமில்லை. போகமுடியாததில் வருத்தம் நிறைய இருந்தது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும். பீர் முகைதீன் தெருத்தெருவாகப் போய்க் கேட்டார். யார் யாருக்குக் கதவைத் தட்டிக் காட்டினாரோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். இன்சீனுக்கு ரயிலேறிப் போய் அகஸ்டினைப் பார்த்து, "நீங்க பெயின்டர்தான்யா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியில், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, மைமூன் முன்னால் வந்து நின்றார். "தெரிஞ்சோ தெரியாமலோ ஒனக்கு என்ன குறை வச்சிருந்தாலும் மன்னிச்சிரு."

"மன்னிச்சேன்" என்றாள். "அந்தக் கதவுக்காக நீங்களும் என்னய மன்னிச்சிருங்க."

"எந்தக் கதவு?" என்று கேட்டுவிட்டு பீர் முகைதீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.