குடையோடு நிற்பவள்

வியாபாரி எங்களுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் தந்திருந்தார். அதற்குள் தாளை வைத்துப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும்.

மரக்கட்டையில் செதுக்கி மூன்று தாள்களில் அச்சிட்ட ஜப்பானியப் படத்தின் நடுத்தாள் அது. மழையில் ஒரு பாலம். வலது தாளில் ஓடுகிறவர்கள், இடது தாளில் கரை. நடுவில் குடையோடு ஒருத்தி நின்று திரும்பிப் பார்ப்பாள். சின்ன வயதில் அண்ணன் அம்மாவிடம் அவளைக் காட்டி, "இன்னும் வரலையேன்னு பாக்கறா. அப்படியே நீதாம்மா" என்பான்.

வெளிச்சம் பட்டால் நீலம் வெளுத்துவிடும். அதனால் அப்பா தாள்களைத் தனித்தனி உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பார். வருடத்தில் ஒரு வாரம்தான் சுவருக்கு வரும். அண்ணன் இறந்த பிறகு முதல் முறையாக எடுத்தபோது நடு உறை காலியாக இருந்தது. "எங்கேயோ கைமறதியா வச்சுட்டேன்" என்றார் அப்பா. தேடவில்லை. நடு ஆணியில் அம்மா ஒரு தொங்கு சுருள் ஓவியத்தை மாட்டினாள். அடியில் நாலு நாணல், மேலே முழுக்க வெறும் பட்டு. அது இரண்டு வருடமாகத் தொங்குகிறது.

ஒரே கட்டையிலிருந்து நூற்றுக்கணக்கில் அச்சடித்திருப்பார்கள். வந்திருப்பது வேறு பிரதியா, எங்களுடையதேவா என்பதுதான் அப்பாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எங்கள் மூன்று தாளும் ஒன்றாகக் கிடந்த காலத்தில் ஒரு புழு மேல் மூலையில் மூன்றையும் துளைத்திருந்தது. புதிதாக வந்த தாளில் துளை இல்லை. அந்த மூலையில் பின்பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது.

"பாத்தியா? துளையை அடைச்சு வித்திருக்காங்க."

நான் மூன்றையும் அடுக்கி விளக்குக்கு நேரே பிடித்தேன்.

"ஒட்டுப் போட்ட இடம் துளையோட சேரலைப்பா. ரெண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கு."

"தண்ணியில அலசினா தாள் சுருங்கும்டி."

"சுருங்கியிருந்தா பாலமும் சேரக்கூடாதே. கோடு அப்படியே சேருது."

"வாயைத் திறக்கவே கூலி கேக்கறவ, இன்னிக்குப் பாரு." சிரிக்கத்தான் முயன்றார். "இது நம்ம தாள்தான். உங்கண்ணன், உங்கம்மாவோட துரை, வித்திருக்கான்."

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். "திருப்பிக் கொடுத்துடுங்க. நமக்கு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? எதுக்கு வித்தான்னு கேளு. பைக் வாங்கித் தர மாட்டேன்னு சொன்னேன். அடுத்த மாசமே வாசல்ல பைக் நிக்குது. ஏதுடா காசுன்னா சிரிக்கிறான்."

"அப்பா, விடுங்க."

"விடத்தான் பாக்கறேன், முடியலையே." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த பைக்லதானே போனான். இந்தப் படத்தை நான் ஆசை ஆசையா வாங்கி வச்சேன். அதுவே அவனைக் கொண்டுபோயிடுச்சு."

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டு வருடமாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்கும்தான்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசை ஓரத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவன் எதையும் விக்கலைங்க. இது நம்ம தாள் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? புழு துளையைக் கூட நீ பாத்ததில்ல."

அம்மா குடைக்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சொல்லு. எப்படித் தெரியும்?"

"அவனைத் தனியா அனுப்ப மனசு வரலைங்க," என்றாள். "அவனைக் கிடத்தின பெட்டியை மூடறதுக்கு முன்னாடி, நம்ம குடைக்காரியை அவன் சட்டைக்குள்ள நான்தான் வச்சேன்."